பெயரும் ஒரு கைபேசி எண்ணும்: 35,400 ரூபாய்க்கு நான் வாங்கிய லீடுகள்

பூம்பாறையில் மலைப்பூண்டு பயிரிட்டு, வடுகபட்டி கமிஷன் மண்டிக்கு அனுப்பிப் பிழைப்பது எங்கள் குடும்பம். 2019ஆம் ஆண்டு கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின், வெளியூர்க் கடைகளுக்கு நேரடியாக விற்றுப் பார்க்கலாமே என்ற எண்ணம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது. சென்ற ஆண்டு மூஞ்சிக்கல் டீக்கடை ஒன்றில் அறிமுகமான இணையச் சந்தை நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர் அந்த எண்ணத்துக்கு விலை சொன்னார்: ஓராண்டுக்கு 120 லீடுகள், அதாவது பூண்டு கேட்டவர்களின் தொடர்பு விவரங்கள், கட்டணம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 35,400. எல்லாமே சரிபார்க்கப்பட்ட வாங்குவோரின் விவரங்கள் என்று அவர் வாயால் சொன்னதை நம்பி, ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு.

வந்த லீடுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன: "செந்தில், தமிழ்நாடு, பூண்டு, 100 கிலோ", அதன் கீழே ஒரு கைபேசி எண். கடைப் பெயர், ஊர், மின்னஞ்சல், ஜிஎஸ்டி எண் ஆகிய எல்லாக் கட்டங்களும் காலி. எண்ணைப் பார்க்க வேண்டுமானால் லீடைத் திறக்க வேண்டும். திறந்த உடனேயே கணக்கில் ஒன்று கழிந்துவிடும். உள்ளே இருப்பது சொத்தையா என்று பணம் கொடுத்த பிறகே தெரியும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் சாரம்.

முதல் 40 லீடுகளை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொருவரையும் குறைந்தது மூன்று முறை அழைத்தேன். 11 எண்கள் உபயோகத்தில் இல்லை. 14 பேர் எடுக்கவே இல்லை. 9 பேர் வீட்டுத் தேவைக்கு விலை கேட்டவர்கள். அவர்களில் ஓர் அம்மா, பிள்ளை பெற்ற மகளுக்குப் பூண்டு லேகியம் கிண்ட அரைக் கிலோ கிடைக்குமா என்றார். (அவருக்கு மட்டும் மனம் கேட்காமல் அனுப்பி வைத்தேன்.) 4 பேர், காலையிலிருந்து இதே பூண்டுக்காகப் பேசும் ஐந்தாவது ஆள் நான் என்று சலித்துக்கொண்டார்கள், ஒரே எண்ணைப் பலருக்கு விற்றிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

மிச்சம் இருவர். ஒருவர், ஓட்டலுக்கு 200 கிலோ வேண்டும், முன்பணம் இப்போதே தருகிறேன் என்று சொல்லி கியூஆர் குறியீடு ஒன்றை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை அழுத்தச் சொன்னார். யுபிஐயில் பணம் பெற ரகசிய எண் தேவையே இல்லை. அது பணம் அனுப்பும்போது கேட்கப்படுவது. மகன் கையைப் பிடித்துத் தடுத்ததால் தப்பினேன். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இன்னொருவர் விலையைக் கேட்கவே இல்லை. பூண்டு எத்தனை நாள் காய்ந்தது, தாளோடு (தண்டோடு) வருமா, அறுத்து வருமா என்றுதான் கேட்டார். ஈரப் பூண்டை எடை போட்டு வாங்கினால் காயக் காய எடை குறையும் என்று அறிந்தவர் கேட்கும் கேள்வி அது. அவர் 60 கிலோ வாங்கினார். அதன் பிறகு எந்த எண்ணுக்கும் முதலில் குறுஞ்செய்தியில், எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும், கடைக்கா வீட்டுக்கா என்று மட்டும் கேட்கிறேன்; பதில் இல்லையென்றால் அழைப்பதில்லை.

நிறுவனத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, லீடு என்றால் 'ஒரு பெயரும் ஒரு தொடர்பு எண்ணும்' என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருப்பதையும், திறந்த லீடுக்குப் பணம் திரும்பாது என்பதையும் காட்டினார்கள். என்னிடம் விற்ற பிரதிநிதியைப் பற்றி என்னிடம் இருப்பதும் ஒரு பெயரும் ஓர் எண்ணும்தான். அந்த எண் இப்போது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

நான் வியாபாரி, நுகர்வோர் அல்லன் என்பது அவர்களுடைய அடுத்த வாதம். வணிக நோக்கில் வாங்குபவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கினாலும், சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்குபவரை விலக்கவில்லை. அந்த அடிப்படையில் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். இதேபோல் ஏமாந்தவர்கள் ரசீது, ஒப்பந்தம், அழைத்த தேதிகள் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். மனு கொடுக்கச் சட்டம் தரும் காலம் இரண்டு ஆண்டுகள்.