படுவான்கரையில் ஒரு தயிர்க்கடை: விரிவுரையை விட்டு வந்தவரின் எருமைத் தயிர்

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வவுணதீவுப் பக்கம் சென்றால், வீதியோர வீடொன்றின் முற்றத்துக் கொட்டிலில் இந்தத் தயிர்க்கடை நடக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. பலகைத் தட்டில் சட்டிகள் இருந்தால் தயிர் இருக்கிறது என்றும், தட்டு வெறுமையாக இருந்தால் அன்றைய வியாபாரம் முடிந்துவிட்டது என்றும் ஊரவர்களுக்குத் தெரியும். ஒன்றரை வருடமாக வாரம் ஒரு தடவையாவது இங்கே தயிர் வாங்கி வருகிறேன். நடத்துபவர் பதினான்கு வருடங்கள் வேறொரு மாகாணத்துப் பல்கலைக்கழகத்தில் உணவு நுண்ணுயிரியல் கற்பித்தவர் என்பது எனக்கு மூன்றாம் மாதத்தில்தான் தெரியவந்தது. தயிரின் தரத்துக்கான காரணமும் அப்போதுதான் விளங்கியது.

முதலில் தயிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சட்டியின் வாயைக் கட்டியிருக்கும் தாளை அவிழ்த்தால், மேலே வெண்ணெய் நிறத்தில் ஓர் ஆடை படர்ந்திருக்கும். கரண்டியை இறக்கி எடுத்தால் வெட்டிய இடம் கத்தியால் அறுத்ததுபோல் நேராக நிற்கும். அந்தக் குழியில் தண்ணீர் ஊற நெடுநேரம் செல்லும். எருமைப்பாலில் ஏறத்தாழ 7 வீதம் கொழுப்பு இருப்பது இதற்கு ஒரு காரணம் என்றால், மண்சட்டி தன் நுண்துளைகளால் மிகுதி நீரை உறிஞ்சி வெளியே கசியவிடுவது மற்றொரு காரணம். சட்டியின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் கை ஈரமாகும். பிளாஸ்டிக் கோப்பைத் தயிரில் இந்த இறுக்கம் வராது. புளிப்பு மெல்லியது, பாணி ஊற்றாமல், வெறும் சோற்றோடும் வாழைப்பழத்தோடும் சாப்பிடலாம்.

பாலை 90 பாகை செல்சியஸுக்கு மேல் சில நிமிடங்கள் வைத்திருந்து, பிறகு 43 பாகை அளவுக்கு ஆறவிட்டுத்தான் அவர் உறைமோர் விடுகிறார். அந்தச் சூட்டில் பாலின் புரதங்கள் விரிந்து ஒன்றோடொன்று பிணைந்து நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் தயிர் உடையாமல் நிற்கிறது என்று அவர் விளக்கியபோது, தாயார் கண்ணளவில் செய்துவந்த ஒரு காரியத்துக்குள் இத்தனை கணக்கு இருந்ததா என்று வியந்தேன். ஒவ்வொரு நாளும் பால் வந்த நேரம், வெப்பநிலை, உறைந்த நேரம் எல்லாம் ஒரு சி.ஆர். கொப்பியில் பதிவாகின்றன.

நானும் விரிவுரையாளர் என்பதால், ஏன் விட்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு சென்று வந்ததற்குப் பதிலாகக் கட்டாயம் பணியாற்ற வேண்டிய பிணைமுறிக் காலத்தை முழுமையாக முடித்த பின்னரே அவர் விலகியிருக்கிறார். 2022இன் பொருளாதார நெருக்கடியும், 2023 ஜனவரியில் உயர்ந்தபட்சம் 36 வீதமாக்கப்பட்ட வருமான வரியும் பல விரிவுரையாளர்களை நாட்டைவிட்டே அனுப்பின. தன் காரணம் அதுவல்ல என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார். “சம்பளத்துக்காக விட்டிருந்தால் நானும் விமானம் ஏறியிருப்பேன். கடைசி நாலு வருசம் நான் நுணுக்குக்காட்டியைத் தொடவே இல்லை, தம்பி. கூட்டம், அறிக்கை, விடைத்தாள், பதவி உயர்வுக்குப் புள்ளி சேர்க்கிறது, அவ்வளவுதான்” என்றார். தகப்பனார் பாரிசவாதத்தில் விழுந்த செய்தி வந்தபோதும் பரீட்சைச் சபைக் கூட்டம் முடியும்வரை எழுந்து வர முடியாமல் போனதைச் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்துவிட்டது. நான் மேலே எதுவும் கேட்கவில்லை. இப்போது தகப்பனார் அதே கொட்டிலில் சாய்மனைக் கதிரையில் இருந்து, வருகிறவர்களைப் பேர் சொல்லி விசாரிக்கிறார்.

கற்பித்தலை அவர் கைவிட்டுவிடவில்லை. பால் கொண்டுவந்த முதியவர் ஒருவருக்கு, பால் நிரம்பிய சோதனைக்குழாய்கள் இரண்டில் மெதிலீன் நீலத் துளியை விட்டு, வெந்நீரில் நிறுத்திக் காட்டியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலில் கிருமிகள் கூடியிருந்தால் நீலம் விரைவில் வெளிறும். சுத்தமான வாளிப் பால் நீலமாகவே நிற்க, மற்றது அரை மணித்தியாலத்துக்குள் வெளிறிவிட்டது. “இது எந்த வாளி கா?” என்று முதியவர் குனிந்து பார்த்துவிட்டு, மறுநாள் புது வாளியோடு வந்தாராம். ஒரு விரிவுரை மண்டபத்தில் இவ்வளவு விரைவாகப் பலன் கண்ட பாடம் எதுவும் என் நினைவில் இல்லை.

குறைகளும் உண்டு. பெரும்போக வேளாண்மைக் காலத்தில் மாடுகளை மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் தூர மேய்ச்சல்தரைகளுக்குக் கொண்டுசென்றுவிடுவதால் பால் வரத்துக் குறைந்து, கிழமையில் இரண்டு நாள் தட்டு வெறுமையாகவே கிடக்கும். மற்ற நாட்களிலும் ஒன்பது மணிக்குப் பிறகு போவது வீண். விலை சந்தையை விடக் கூடுதல். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் ஏற்பாடும் இல்லை. அதிகம் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு, பின்னேரம் தன்னுடையது என்று மட்டும் பதில் சொல்கிறார். மூத்த விரிவுரையாளர் சம்பளத்தை இந்த வருமானம் எட்டாது என்பதையும் அவர் மறைப்பதில்லை.

ஒருமுறை நான் வாங்கிய சட்டி கடும் புளிப்பாக இருந்தது. சொன்னவுடன் கொப்பியைப் புரட்டி, அன்றிரவு மின்வெட்டால் குளிரூட்டிக்குள் வைக்கப் பிந்தியதைக் கண்டுபிடித்தார். என் பணத்தைத் தந்ததோடு, அந்தத் தொகுதியில் வாங்கிய மற்ற ஆறு பேரையும் தொலைபேசியில் அழைத்துப் பணத்தைத் திருப்பினார்.

போக நினைப்பவர்கள் எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள். கல்லடி, களுவாஞ்சிக்குடிப் பக்கம் பேருந்தில் கொண்டுபோவதென்றால் றெஜிபோம் பெட்டியும் வைக்கோலும் கொண்டுசெல்வது நல்லது. வெறும் சட்டியை அவர் திருப்பி எடுப்பதில்லை. பழைய நுண்ணுயிர்கள் துளைகளுக்குள் தங்கிவிடும் என்கிறார். எங்கள் வீட்டில் அவற்றின் அடியில் துளையிட்டுக் கற்பூரவள்ளி வைத்திருக்கிறோம்.