நான்கு வரைபடம், நான்கிலும் முன்வீடு

கடலூரில் கூட்டு மனை வைத்திருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களை ஏமாற்றிய பொறியாளரின் பெயரைச் சொல்ல முடியாது, வழக்கு நடக்கிறது. அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்லத் தடையில்லை.

அப்பா அஞ்சல் துறையில் இருந்தவர். 1986-இல் கூத்தப்பாக்கத்தில் 12 சென்ட் வாங்கிப் போட்டார். கடைசிவரை வீடு கட்டவில்லை. ஒரு வேப்பமரமும் முள்வேலியும்தான். 2019-இல் உயில் எழுதாமலே போய்விட்டார். அண்ணன் நெய்வேலியில், அக்கா பண்ருட்டியில், நான் மஞ்சக்குப்பத்தில், தம்பி புதுச்சேரியில். 2022 பொங்கலுக்குக் கூடியபோது நால்வரும் அங்கேயே ஆளுக்கொரு வீடு கட்டுவது என்று பேசி முடித்தோம்.

மனை 60 அடி அகலம், 87 அடி நீளம், வடக்கே தெரு. நீளவாக்கில் நான்காகக் கீறினால் ஆளுக்கு 15 அடி வரும். இரு பக்கமும் காற்றுக்கு இடம் விட்டால் அறைக்குப் பத்தடி தேறுவதே பெரிது; ரயில் பெட்டியில் குடித்தனம் நடத்துவது போலாகும். எனவே முன்னால் இரண்டு வீடு, பின்னால் இரண்டு வீடு, இடையில் பொதுப் பாதை. இதில் பின்னால் போகப்போவது யார்? அந்த ஒரு கேள்வியை நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. கேட்டால் மனக்கசப்பு வருமாம். வீடு கட்டித்தர வந்த அந்தப் பொறியாளரிடம் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசிக்கொண்டோம். அந்த ஆளுக்கு அதுதான் மூலதனம்.

அவர் அண்ணனுக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். வெள்ளைச் சட்டை, கையில் சுருட்டிய வரைபடம், வாய் நிறைய "அக்கா, அக்கா". முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுவிடலாமா என்று நான் கேட்டேன். "எதற்கு அக்கா வீண் செலவு? சொத்து மதிப்பில் 11 சதவீதம் அரசுக்கே போய்விடும். வீடு எழும்பட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அந்த 11 சதவீதம் அப்போது கிரயப் பத்திரத்துக்கு இருந்த கணக்கு. குடும்பத்தாருக்குள் பாகப்பிரிவினை என்றால் அப்போது முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் பங்குக்கு 25,000 ரூபாய் உச்சவரம்பு இருந்தது. பதிவுக் கட்டணமும் பங்குக்கு 4,000 ரூபாய்க்கு மேல் போயிருக்காது. ஒரு பத்திர எழுத்தரிடம் விசாரித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். விசாரிக்கவில்லை.

பிறகு வசூல் தொடங்கியது. என்னிடம் வந்து, "தம்பி கட்டிவிட்டார், நீங்கள்தான் பாக்கி" என்றார். தம்பியிடம், நான் கட்டிவிட்டேன் என்றிருக்கிறார். அண்ணனிடம் சொன்னது இன்னும் மோசம்: "தங்கைகள் எப்படியும் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், நான் பேசிக்கொள்கிறேன்." அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்ததில் எனக்கு இன்றும் வருத்தம்தான், அது வேறு கதை. 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர், அதனால் அடித்தளத்தை நான்கடி உயர்த்த வேண்டும் என்று கேப்பர் மலைச் செம்மண்ணுக்கு அந்த ஆள் தனியாகப் பணம் வாங்கினார். வெள்ளம் என்று சொன்னால் கடலூரில் யார் மறுத்துப் பேசுவார்கள்?

தம்பி வீட்டுக் கடனுக்குப் போனபோதுதான் குட்டு உடைந்தது. பட்டா இன்னும் அப்பா பெயரில், பிரிக்கப்படாத சொத்து. வாரிசுச் சான்றிதழும் பாகப்பிரிவினைப் பத்திரமும் இல்லாமல் எந்தப் பங்கை அடமானம் வைப்பீர்கள் என்று வங்கியின் வழக்கறிஞர் கேட்டிருக்கிறார். கூடவே இன்னொன்றும் சொன்னாராம்: அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கி, உயில் இல்லாமல் விட்ட சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. அதாவது பங்கு நான்கு அல்ல, ஐந்து.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஆளுக்கொரு வரைபடம் கொண்டு வந்திருந்தோம். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். அண்ணன் வரைபடத்தில் தெருவைப் பார்த்த கிழக்கு மூலை அண்ணனுக்கு. தம்பி வரைபடத்தில் அதே மூலை தம்பிக்கு. அக்காவுக்கும் எனக்கும் வேப்பமரத்தடி முன்வீடு. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நான்கையும் பார்த்தார். "எல்லோரும் முன்னால் இருந்தால் பின்னால் யாரடா இருப்பது?" என்றார். சற்றுப் பொறுத்து, "ஒன்றில்கூட என்னைக் காணோமே" என்றார். யாரும் தலை நிமிரவில்லை.

பிறகு ரசீதுகளைப் பரப்பினோம். ஆழ்துளைக் கிணற்றுக்கு என்று நால்வரிடமும் தலா 85,000 ரூபாய். மனையில் இருந்தது ஒரே ஒரு கிணறு. மொத்தம் 12,10,000 ரூபாய் கொடுத்திருந்தோம். அதற்கு ஈடாக அந்தக் கிணறு, மூலையில் கொஞ்சம் செம்மண், 11 தூண் குழிகள். ஐப்பசி மழையில் குழிகள் நிரம்பி, கட்டிய கம்பி துருவேறி, தவளை கத்திக்கொண்டிருந்தது. மாநகராட்சியில் கட்டட அனுமதிக்கு மனுவே போடவில்லை. ஆளைக் கூப்பிட்டால் கைப்பேசி அணைந்திருந்தது.

காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பினார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். கட்டுமானமும் சேவைதான், இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். தம்பி முழுவதையும் வங்கி வழியாக அனுப்பியிருந்ததால் அவன் கணக்கு நிற்கிறது. நான் பாதியை ரொக்கமாகக் கொடுத்தேன். அதற்குச் சான்று டைரியிலிருந்து கிழித்த ஒரு தாள். முத்திரை இல்லை, தேதி இல்லை, கையெழுத்து என்ற பெயரில் ஒரு சுழி. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

2023 செப்டம்பரில் பாகப்பிரிவினையைப் பதிவு செய்தோம், ஐந்து பங்காக. அந்த ஜூலையில்தான் பதிவுக் கட்டண உச்சவரம்பு 10,000 ஆகவும் தீர்வை உச்சவரம்பு 40,000 ஆகவும் உயர்ந்திருந்தது. தாமதித்ததற்கு அதுவும் ஒரு தண்டம். அம்மா வேப்பமரத்தோடு முன்பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மற்றவற்றுக்குச் சீட்டுப் போட்டோம். எனக்குப் பின்பக்கம் விழுந்தது.

அதே ஆள் இப்போது நெல்லிக்குப்பம் சாலைப் பக்கம் ஒரு மனையை அளந்துகொண்டிருக்கிறாராம். அங்கே உடன்பிறந்தவர்கள் மூவர் என்று கேள்வி. அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால், இன்றே மூவரையும் அவரவர் வரைபடத்தோடு ஒரே பாயில் உட்காரச் சொல்லுங்கள்.