நீக்கப் போனால் பாஸ்வேர்டு கேட்ட பூட்டு

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "வெராகிரிப்ட்டை யார் வேணும்னாலும் அன்இன்ஸ்டால் பண்ணலாமாமே, பாஸ்வேர்டே கேட்காதாமே? அதை நம்பி எப்படி ஃபைலை வைக்கிறீங்க?"

வெராகிரிப்ட், ஃபைல்களைக் குறியாக்கம் செய்யும், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும் மென்பொருள். ஆறு வருடமாக அதில்தான் வைத்திருக்கிறேன். அதற்கு முன் இருந்தது, காசு கொடுத்து வாங்கிய ஒரு ஃபோல்டர் லாக். பெயர் வேண்டாம். திறக்கவும் பாஸ்வேர்டு, நீக்கவும் பாஸ்வேர்டு. அன்இன்ஸ்டாலை அழுத்தியதும் ஒரு பெட்டி வந்து மறிக்கும். அதைப் பார்த்தாலே நிம்மதி. லேப்டாப் மதர்போர்டு போனபோது, பழுது பார்த்தவர் ஹார்டு டிஸ்கைக் கழற்றி லினக்ஸ் ஓடும் தன் கணினியில் மாட்டினார். என் வாடிக்கையாளர்களின் வரிக் கணக்கு, பான் அட்டை நகல், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் அவர் திரையில் வரிசையாக வந்தன. பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. அந்த மென்பொருள் ஃபைல்களை மறைத்து மட்டுமே வைத்திருந்தது, குறியாக்கம் செய்யவில்லை. விண்டோஸ் ஓடும்வரைதான் அதன் காவல். இத்தனைக்கும், அந்தப் பாஸ்வேர்டை மறந்து அதை நீக்க முடியாமல் நான் ஒரு ஞாயிறு முழுக்கத் திண்டாடியிருக்கிறேன்! அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வெராகிரிப்ட்டில் பூட்டு புரோகிராமில் இல்லை, நம் ஃபைல்களை உள்ளே போட்டு வைக்கும் கன்டெய்னர் என்ற ஒற்றை ஃபைலிலேயே இருக்கிறது. புரோகிராமை நீக்கினாலும் கன்டெய்னர் பூட்டியபடியே கிடக்கும். வேறு கணினியில் நிறுவி, பாஸ்வேர்டு கொடுத்தால் திறக்கும். வெராகிரிப்ட்டின் முன்னோடியான ட்ரூகிரிப்ட் 2014 மே மாதம் கைவிடப்பட்ட பிறகும், அதில் செய்த கன்டெய்னர்களை வெராகிரிப்ட்டில் பல வருடம் திறக்க முடிந்தது. விண்டோஸ் டிரைவையே குறியாக்கம் செய்திருந்தால் கதை வேறு: அதை முதலில் அவிழ்க்காமல் அன்இன்ஸ்டால் ஆகாது.

ஒரு குறை உண்டு, அது சின்னதல்ல. மவுண்ட் செய்யாத, அதாவது பாஸ்வேர்டு கொடுத்துத் திறந்து வைக்காத கன்டெய்னரைச் சாதாரண ஃபைல் போல யாரும் டெலீட் செய்துவிடலாம். உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது, அழிக்க முடியும். அதனால் அலுவலகப் பையனுக்கு விண்டோஸில் ஸ்டாண்டர்டு அக்கவுன்ட்தான். புரோகிராமை நீக்கப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். கன்டெய்னர் இருக்கும் ஃபோல்டரில் அவனுக்கு அழிக்கும் உரிமையும் கிடையாது. அப்புறம், வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு நகல்.

நண்பர் கேட்டது அவருடைய அப்பாவின் பென்ஷன், பத்திர ஸ்கேன்களுக்காகவாம். அப்பாவுக்கு வெராகிரிப்ட் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஏடிஎம் பின் நம்பரையே மகனிடம் கேட்பவர் அவர். இதில் பாஸ்வேர்டு மறந்தால் மீட்டுத் தர யாராலும் முடியாது. பென்டிரைவில் போட்டு, பீரோவில் பத்திரத்தோடு வைத்துப் பூட்டச் சொல்லியிருக்கிறேன்.