நாலரை சென்ட் விடுதிக்குக் கம்பி கணக்குப் போட்டவர்

பீளமேட்டில் கல்லூரிகளை ஒட்டி அப்பா காலத்து ஓட்டு வீடு ஒன்று இருந்தது, அதை இடித்துவிட்டுப் பசங்களுக்கு விடுதி கட்டினோம். நாலரை சென்ட், சுமார் 1,960 சதுர அடி, மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர், முன்னால் லாரி திரும்பாத சந்து. "இதுக்குத் தனியா ஒரு இன்ஜினியர் எதுக்குங்க, கம்பி போடறது மேஸ்திரிக்குத் தெரியாதா" என்றார் மாமா. அப்படியும் கட்டடம் பாரம் தாங்கக் கம்பி, கான்கிரீட் கணக்குப் போடுகிற ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைப் பிடித்தேன், சதுர அடிக்கு 18 ரூபாய் பேச்சு. குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

முதலில் மண் பரிசோதனை கேட்டார். கரிசல் மண், மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும், அதனால் கெட்டி மண் வரும்வரை ஏழடி தோண்ட வைத்தார். சிக்கலே அங்கேதான். குழியை ஒட்டி அடுத்த வீட்டுப் பாட்டியின் மண்சாந்துச் சுவர், அதன் அஸ்திவாரம் மூன்றடிகூட இல்லை. ஜேசிபியை விட்டு ஒரே நாளில் தோண்டியிருந்தால் சுவர் எங்கள் குழிக்குள் வந்திருக்கும். ஒரு குழி விட்டு ஒரு குழி, கான்கிரீட் போட்டு மண் மூடிய பிறகுதான் அடுத்தது என்று கறாராகச் சொல்லிவிட்டார். பத்து நாள் கூடப் போனது, பாட்டி வீட்டில் ஒரு கீறல் இல்லை. ஓரத்துக் காலத்துக்கு (தூணுக்கு) அடியில் வரும் ஃபுட்டிங்கை, அதாவது அஸ்திவாரக் கான்கிரீட்டை, நடுவில் வைத்தால் எல்லை தாண்டும், ஒருபக்கமாகத் தள்ளினால் பாரம் ஏறும்போது சாயப் பார்க்கும், எனவே உள்பக்கக் காலத்தோடு இணைக்கும் ஸ்ட்ராப் பீம் போட்டு இழுத்துப் பிடித்தார்.

கீழ்த்தளம் முழுக்க பைக் நிறுத்த, மேலே மூன்று மாடி அறைகள். கீழே வெறும் காலம், மேலே சுவர் சுவராக நின்றால் நிலநடுக்கத்தில் கீழ்த்தளம்தான் முதலில் மடங்கும், 2001இல் அகமதாபாத்தில் அப்படித்தான் பல அடுக்குமாடிகள் விழுந்தன என்றார். நம்மூரில் ஏது நிலநடுக்கம் என்று மாமா சிரித்தார். கோவை நிலநடுக்க ஆபத்து வரைபடத்தில் மூன்றாம் மண்டலம், 1900இல் இங்கேயே ஒன்று வந்திருக்கிறது என்றதும் சிரிப்பு நின்றது. கீழ்க்காலங்களைப் பெரிதாக்கி, மாடிப்படியைச் சுற்றி கான்கிரீட் சுவர் வைத்தார், காலத்துக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கிகளை 135 டிகிரிக்கு உள்ளே மடக்கச் சொன்னார். கம்பி கட்டுகிறவர் முணுமுணுத்துக்கொண்டே மடக்கினார், பாவம்.

ஆட்கள், சாமான் பாரமாக அறைக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ கணக்கென்றால் வராண்டாவுக்கு 300, சாப்பாட்டுக் கூடத்துக்கு 400. விடுதியில் எல்லாரும் வராண்டாவில்தானே நிற்பார்கள்! 15,000 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே 15 டன், அதை மாடிப்படிக் காலங்கள்மேல் ஏற்றிவிட்டார்.

இனி குறை. வரைபடம் மூன்று வாரம் தாமதம், அதுவரை ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு ஸ்லாபுக்கும் (தளக் கான்கிரீட்டுக்கும்) நேரில் வருவேன் என்றவர் இரண்டாவதற்குப் பிறகு உதவியாளரைத்தான் அனுப்பினார். அந்த நேரம் பார்த்து பிளம்பர் நாலங்குலக் குழாய்க்காக பீமையே உளி வைத்து உடைக்கத் தொடங்கிவிட்டார், தற்செயலாக நான் மேலே ஏறியதால் நிறுத்தினேன். போன் செய்தால் எடுப்பதே இல்லை, அப்புறம் இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டு, சரிசெய்யும் விதத்தைப் பொறுமையாகச் சொன்னார்.

அஞ்சுக்கு நாலு நட்சத்திரம். இவரைப் போன்றவரை அமர்த்துகிறவர்கள் எத்தனை தடவை நேரில் வருவார் என்பதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கடைசித் தவணையை மொட்டைமாடி ஸ்லாப் முடியும்வரை கையிலேயே வைத்திருங்கள்.