கிரகணமா, மீன் எண்ணெயா, பாட்டி வளையலா?

2019 டிசம்பர் 26 மதியம், மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் வெயில் மங்கத் தொடங்கியதுமே அம்மா ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிமிர்த்தி வைத்துவிட்டார். கிரகண நேரத்தில் உலக்கை தானாக நிற்கும் என்பது அவர் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கற்ற பாடம். அடி தட்டையாக இருந்தால் மற்ற நாளிலும் நிற்கும்தான், ஆனால் அதை அன்றைக்கு யார் சொல்வது? மாசமாக இருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை வாசல் பக்கமே வரவிடவில்லை. இத்தனைக்கும் நடுவே, சோபாவில் கவிழ்ந்து கிடந்த என் அக்கா மகன் தலையைத் தூக்கி, "மாமா, இப்ப எனக்கு ஏதாச்சும் பவர் வருமா?" என்றான்.

'ஹீரோஸ்' தொடரை அவனுக்குக் காட்டியது நான்தான். அப்போது அவனுக்கு வயது ஒன்பது. தப்பு என்னுடையது.

அன்றைக்கு ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. உடம்புக்குள் உறங்கும் சக்தியை எழுப்ப எந்தத் தொடர் உருப்படியான வழி கண்டுபிடித்திருக்கிறது? அது பிள்ளைக்கு எப்படி இறங்குகிறது? கதை முடிச்சுகளை இங்கே அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். பார்க்காதவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் 'ஹீரோஸ்'. 2006இல் அமெரிக்காவில் தொடங்கியது. மரபணு ஆராய்ச்சியாளர் மொஹிந்தர் சுரேஷ் நம்ம சென்னையிலிருந்து நியூயார்க் போகிறவர் என்பதாலேயே எங்கள் வீட்டில் அதற்குத் தனி மரியாதை. முதல் அத்தியாயத்திலேயே சூரிய கிரகணம் பிடிக்கும், ஆளாளுக்குச் சக்தி தெரிய வரும். பார்க்க அழகு. ஆனால் டோக்கியோவில் இருப்பவனும் நியூயார்க்கில் இருப்பவனும் ஒரே கிரகணத்தை ஒரே நேரத்தில் பார்ப்பது எப்படி? அங்கே பகல் என்றால் இங்கே ராத்திரி. அதுகூடப் போகட்டும். இவர்களுக்கு முந்தைய தலைமுறையும் சக்தியோடு இருந்தது என்று தொடரே பின்னால் சொல்கிறது. அப்புறம் கிரகணம் எதற்கு? உலக்கை கதைதான். நிற்கிற உலக்கைக்கு கிரகணத்தைக் காரணம் சொல்வது.

சக்தி வழிவழியாக இறங்குவதைச் சொன்ன விதத்தில் மட்டும் அதற்கு மதிப்பெண் போடுவேன். அப்பா நேதன் பறப்பவர், அம்மா மெரிடித் தீயை வரவழைப்பவள், மகள் கிளேருக்கோ எந்தக் காயமும் உடனே ஆறிவிடும். மைக்கா என்ற சிறுவனின் அம்மாவுக்கு அசுர பலம், அப்பா சுவரைத் துளைத்து நடப்பவர், பையன் இயந்திரங்களோடு பேசுகிறான். சக்தி வரும், ஆனால் அதே சக்தி வராது. நல்ல யோசனை. மூன்றாவது சீசனில் நேதனுக்குக் குழந்தையிலேயே மருந்து கொடுத்துத்தான் சக்தி வந்தது என்று சொல்லி, அந்த வேரையும் அவர்களே வெட்டிக்கொண்டார்கள்.

அடுத்தது 2013இல் தொடங்கிய 'ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்'. இங்கே ஏற்பாடு கச்சிதம். ஆதிகாலத்தில் கிரீ என்ற வேற்றுலக இனம் மனிதர்களிடம் சோதனை செய்து வைத்துவிட்டுப் போனது. அந்த வம்சத்தில் வந்தவர்கள் இன்ஹியூமன்கள். ரத்தத்தில் அது எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் சத்தமில்லாமல் கிடக்கும். டெரிஜன் மூடுபனி பட்டால் உடம்பைக் கல் மூடும், கல் வெடித்தால் உள்ளே வேறு ஆள். ஸ்கை என்ற பெண்ணுக்கு இது நடக்கும் காட்சியில் பக்கத்தில் நின்ற நண்பன் டிரிப் கல்லாகி உதிர்ந்து போகிறான். அவளுக்குச் சக்தி கிடைத்த நாளும் நண்பனைப் பறிகொடுத்த நாளும் ஒன்றேதான். அந்தக் குற்ற உணர்ச்சி அதற்குப் பிறகு அவளை விடுவதேயில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் வரும் சங்கதி. ஸ்கையின் அம்மா ஜியாயிங், மலைக்குள் ஒளிந்த ஊர் ஒன்றுக்குத் தலைவி. மூடுபனிக்குள் யாரை விடலாம், யாருக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று பெரியவர்கள் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். கோயில் நிர்வாகம் மாதிரியே இருக்கும். பிறகு இரண்டாவது சீசன் கடைசியில் அந்த மூடுபனியைக் கிளப்பும் படிகங்கள் கடலில் விழுந்து கரைகின்றன. மீன் தின்கிறது, மீனிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள், எண்ணெய் மாத்திரையாகிக் கடைக்கு வருகிறது. வம்சத்தில் இல்லாதவனுக்கு அது வெறும் மாத்திரை. இருப்பவன், தான் யார் என்றே தெரியாமல், காலை உணவுக்குப் பின் ஒன்றை விழுங்குகிறான். முடிந்தது கதை. பெரியவர்கள் பூட்டி வைத்திருந்த சாவி பார்மசி அலமாரிக்கு வந்துவிட்டது. எங்கள் அம்மா தினமும் அதே மஞ்சள் மாத்திரையைப் போடுகிறவர். அந்த அத்தியாயத்தைப் பார்த்த ராத்திரி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுத்தான் படுத்தார்.

இடையில் உள்ளூர்ச் சரக்கு ஒன்று. 2011இல் வந்த நம் மலேசியத் தொடரான 'போபோய்பாய்'. அக்கா மகன் தலைமுறை அதைப் பார்த்தே வளர்ந்தது. அங்கே சக்தி கைக்கடிகாரத்தில் இருக்கிறது, ஓச்சோபோட் என்ற ரோபோ கொடுக்கிறது. பரம்பரைப் பேச்சே கிடையாது. 'டேய்' போட்டுப் பேசும் நம்ம கோபாலுக்குப் பொருள்களைத் தின்பண்டமாக மாற்றும் சக்தி. இதைவிடப் பயனுள்ள சக்தி எந்தத் தொடரிலும் இல்லை. ஆனாலும் கொடுத்ததை வாங்கிக் கட்டிக்கொள்வதில் உறக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. இந்த அலசலில் அதற்கு இடமில்லை. ஜப்பானிய 'மை ஹீரோ அகாடமியா' நேர் எதிர். நாலு வயதுக்குள் சக்தி வந்துவிட வேண்டும். தீச் சக்தி உள்ள ஒருவர், பனிச் சக்தி உள்ள பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொள்கிறார், இரண்டும் சேர்ந்த பிள்ளை வேண்டுமென்று. "நம்ம ஆளுங்க பத்துப் பொருத்தம்தான் பார்க்கிறாங்க, இவங்க பதினொண்ணு" என்றாள் அக்கா.

2022இல் ஆறே அத்தியாயங்களில் வந்த 'மிஸ் மார்வெல்' மேல் எனக்கு நிறைய எதிர்பார்ப்பு இருந்தது. காமிக்ஸில் அதன் நாயகி கமலா கானும் அந்த டெரிஜன் மூடுபனியில் மாறியவள்தான். தொலைக்காட்சியில் அதை மாற்றி, கராச்சிப் பாட்டி அனுப்பிய பெட்டியில் ஒரு வளையலை வைத்தார்கள். அது கொள்ளுப்பாட்டி ஆயிஷாவின் வளையல். 1947 பிரிவினை ராத்திரி, ரயில் நிலையக் கூட்டத்தில் தொலைந்த குழந்தை, நட்சத்திர வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் போய்ச் சேர்வது எல்லாம் அந்த வளையலோடு வருகிறது. சக்தி தானே எழவில்லை, குடும்பம் பேசாமல் விட்ட ஒரு ராத்திரியைத் திறந்ததால் எழுந்தது. எங்கள் ஊருக்கும் அப்படி ஒரு தேதி உண்டு. 1948 ஜூன் 16 அன்று இந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டு, அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த வருடங்களைப் பற்றித் தாத்தா பாட்டிகள் வாயே திறக்கமாட்டார்கள். வளையலும் மிஞ்சியிருக்காது, தோட்டத்துப் பாட்டிகளின் வளையல் அடகுக் கடையோடு சரி.

ஆனால் கடைசிக் காட்சியில், "உன் மரபணுவில் ஒரு பிறழ்வு இருக்கிறது" என்று நண்பன் ஒரு வரி சொல்கிறான். ஐந்தரை அத்தியாயம் பாட்டி கதை சொல்லிவிட்டு, அடுத்த படத்துக்கு டிக்கெட் கிழித்த மாதிரி இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. அக்கா மகனுக்கோ அதுதான் பிடித்தது. "வளையல் யார் போட்டாலும் வேலை செஞ்சா அவளுக்கு என்ன மாமா பெருமை?" என்றான். அதிலும் நியாயம் இருக்கிறது.

என் ஓட்டு 'தி கிஃப்டட்' தொடருக்கு. 2017இல் வந்து இரண்டே சீசனில் நின்றுபோனது, பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். ரீட் ஸ்ட்ரக்கர் ஓர் அரசு வழக்கறிஞர். மரபணுப் பிறழ்வால் சக்தியோடு பிறக்கும் மியூட்டன்ட்களைப் பிடித்து உள்ளே போடுவது அவர் தொழில். பள்ளிக்கூடக் குளியலறையில் நாலு பேர் சேர்ந்து மகன் ஆண்டியை வதைக்கும்போது சுவர் பிளக்கிறது. மகள் லாரனோ தன் சக்தியை வீட்டில் மூச்சுவிடாமல் மறைத்தே வந்திருக்கிறாள். இதுவரை எல்லாத் தொடரிலும் வருவதுதான். பிறகு ரீட் தன் அப்பா ஓட்டோவைப் போய்ப் பார்க்கிறார். அங்கே தெரிகிறது, ஓட்டோவின் அப்பாவும் அத்தையும் இரட்டையர், கை கோத்தால் எதிரே இருப்பது தூளாகும். அந்தப் பயத்தில் ஓட்டோ, சின்ன வயதிலேயே ரீட்டின் சக்தியை அவருக்கே தெரியாமல் மருந்தால் அடக்கிவிட்டார். தன்னிடமும் இருந்த ஒன்றுக்காகத்தான் அந்த மனிதர் ஊரார் பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டாவது சீசனில் அது மெல்லத் திரும்பி வருகிறது, தொட்ட பொருள் கையிலேயே சிதைகிறது.

'ஃபிளாஷ்' தொடரிலும் ஐரிஸ் தன் மகள் நோராவுக்குள் ஒரு சிப் வைத்து அவளுடைய அதிவேகச் சக்தியை அடக்குவாள். அங்கே அது ஒரு சண்டையோடு போய்விடும். 'கிஃப்டட்'டில் மூன்று தலைமுறை அந்த மருந்தின் மேல்தான் நிற்கிறது. கிரகணமும் மூடுபனியும் வெளியிலிருந்து வருபவை. இங்கே கதவை வெளிப்பக்கமாகப் பூட்டிக்கொண்டு நிற்பது பெற்ற அப்பா. அன்பினால்தான் பூட்டினார் என்பதும் நமக்குத் தெரியும், அதனால் திட்டவும் முடிவதில்லை.

இதை நான் சொன்னால் அக்கா மகன் ஒப்புக்கொள்ளமாட்டான், அவனுக்கு மீன் எண்ணெய்தான். போன திருவிழாவில் ஒன்று நடந்தது, அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

எங்கள் தோட்டத்தில் லயங்களை இடித்தாகிவிட்டது, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, முனியாண்டி கோயில் மட்டும் நிற்கிறது. எங்கள் தாத்தாவுக்கு அங்கே அருள் வரும். அவருக்குப் பிறகு பெரியப்பாவுக்கு வருகிறது. என் அப்பாவுக்கு வந்ததில்லை, எனக்கும் இல்லை. அன்று உறுமிக்காரர் வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்த்து, அந்த அடிவயிற்றுச் சத்தத்தைக் கிளப்பினார். பெரியப்பா ஆடத் தொடங்கிவிட்டார். எனக்கு முன்னால் நின்ற அக்கா மகன் கையில் போன் இருந்தது, படம் எடுத்துக்கொண்டிருந்தான். போன் மெதுவாகக் கீழே இறங்கியது. குதிகால் தரையில் தட்ட ஆரம்பித்தது, தாளத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே.

அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "தண்ணி குடிச்சிட்டு கார்ல போய் உக்காரு, வெயிலு." வெயில் இறங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கார் வரை அவளே கூட்டிப் போனாள். கண்ணாடியை முழுக்க ஏற்றி, ஏர்கானைப் போட்டு, வானொலியையும் சத்தமாக வைத்துவிட்டுத்தான் திரும்பி வந்தாள்.