இன்சைட்: இலவச சூப்பர்கம்ப்யூட்டர் நேரம் யாருக்குப் பயன்படும்?

அமெரிக்க எரிசக்தித் துறையின் இன்சைட் திட்டத்தில் கணினி நேரத்துக்குக் காசு கிடையாது. எந்த நாட்டு ஆய்வாளரும் விண்ணப்பிக்கலாம், அந்தத் துறையின் நிதியுதவி பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. முடிவுகளை வெளியிட்டால் போதும். ரகசியமாக வைத்துக்கொள்ள விரும்பும் நிறுவனம் மட்டும் முழுச் செலவையும் கட்ட வேண்டும்.

இந்தத் தாராளம் இயற்பியலாளர் ரேமண்ட் ஆர்பாக் அந்தத் துறையில் இருந்த காலத்தில் வந்தது. அணுக்களின் காந்தச் சுழல் எப்படித் தளர்கிறது என்பதில் அவர் பெயராலேயே ஒரு செயல்முறை உண்டு. 1992 முதல் 2002 வரை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்துக்கு சான்சலராக இருந்தார். அந்தப் பொறுப்பிலும் ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் வகுப்பு எடுத்தவர். 2002-ல் எரிசக்தித் துறையின் அறிவியல் அலுவலகத்துக்கு இயக்குநரானார், 2006-ல் அறிவியலுக்கான முதல் அண்டர் செகரட்டரி. அவர் இயக்குநரான 2002-ல்தான் ஜப்பானின் எர்த் சிமுலேட்டர் என்ற சூப்பர்கம்ப்யூட்டர் வேகத்தில் உலக முதலிடம் பிடித்தது. 2003-ல் இன்சைட் தொடங்கியபோது அந்தத் துறையின் நெர்ஸ்க் கணினி மையத்தின் நேரத்தில் 10 சதவீதம்தான் இதற்கு. தேர்வானவை மூன்றே திட்டங்கள். இன்று ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் ஃப்ரான்டியர், ஆர்கான் ஆய்வகத்தின் அரோரா ஆகிய சூப்பர்கம்ப்யூட்டர்களின் நேரத்தில் 60 சதவீதம் வரை இன்சைட்டுக்குப் போகிறது. நல்ல கேள்வி கையில் இருந்தால் போதும், யாருடைய ஆள் என்று பார்க்கக் கூடாது என்ற பேராசிரியர் மனம் இந்த விதிகளில் தெரிகிறது. அதனாலேயே இதை மதிக்கிறோம்.

ஆனால் உள்ளே நுழைவது எளிதில்லை. அழைப்பு வழக்கமாக ஏப்ரலில் வரும், ஜூனில் மூடும், முடிவு நவம்பரில், நேரம் ஜனவரியில் தொடங்கும். அறிவியல் தரத்தை ஒரு குழு பார்க்கும். உங்கள் நிரல் (கோட்) அந்த இயந்திரத்துக்குத் தயாரா என்பதைத் தனியாகப் பார்ப்பார்கள். பலர் விழுவது இரண்டாவதில். கணினிகளைக் கூட்டக் கூட்ட வேகம் எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் ஸ்கேலிங் வரைபடத்தை வேறு கிளஸ்டரில் எடுத்திருந்தால் இங்கே எடுபடாது. முதலில் மையத்தின் இயக்குநர் தன் பொறுப்பில் தரும் டைரக்டர் ஒதுக்கீட்டில் சிறிய அளவு நேரம் கேளுங்கள். அதில் உங்கள் உண்மையான கணக்கையே பல நோடு (சூப்பர்கம்ப்யூட்டரில் சேர்ந்திருக்கும் தனித்தனிக் கணினி) எண்ணிக்கைகளில் ஓட்டி அளந்து, அந்த எண்களை விண்ணப்பத்தில் வையுங்கள்.

கேட்கும் அளவுக்கும் கணக்கு வேண்டும். 2,000 நோடில் 12 மணி நேரம் ஓடும் ஒரு ஜாப் (ஒரு முறை ஓட்டும் வேலை) 24,000 நோடு-மணி. அப்படி 25 ஜாப் என்றால் 6 லட்சம். சராசரி ஒதுக்கீடு ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். ஃப்ரான்டியரின் வழக்கமான க்யூவில், அதாவது ஜாப்கள் காத்திருக்கும் வரிசையில், 91 நோடு வரையிலான ஜாப்புக்கு 2 மணி நேரமே வரம்பு, 183 வரை 6 மணி, அதற்கு மேல் 12 மணி. 1,882 நோடைத் தொட்டால் க்யூவில் முன்னுரிமை கூடும். சின்ன ஜாப்களைக் குவிக்கும் குழுவுக்கு இது சரிப்படாது.

ஃப்ரான்டியர் நோடில் இருக்கும் 64 ப்ராசசர் கோரில் இயல்பாக 56 மட்டுமே உங்களுக்கு. மற்ற 8 சிஸ்டத்துக்கு. நான்கு ஜிபியு (வேகக் கணக்கீட்டுச் சில்லு); ஒவ்வொன்றிலும் இரண்டு பாகம் என்பதால் எட்டாகத் தெரியும். எந்தக் கோர் எந்த ஜிபியுவுக்கு அருகில் என்பது எண் வரிசைப்படி அமையவில்லை, ஆகவே ஜாப்களை ஓட்டும் ஸ்லர்ம் மென்பொருளில் ஜிபியு பைண்டிங்கை ‘க்ளோசஸ்ட்’ என்று கொடுங்கள். விட்டுவிட்டால் பிழை எதுவும் வராது, வேகம் மட்டும் குறையும். அதனால்தான் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. என்விடியா ஜிபியுவுக்கான கூடா (CUDA) முறையில் எழுதிய கோடை ஃப்ரான்டியருக்காக ஏஎம்டியின் ஹிப் (HIP) முறைக்கு மாற்ற வேண்டும், அரோராவுக்குப் பெரும்பாலும் SYCL என்ற முறைக்கு. ஃப்ரான்டியரின் தற்காலிகச் சேமிப்பான ஓரையன் ஸ்க்ராட்ச் இடத்தில் 90 நாள் தொடாத கோப்பு அழிக்கப்படும், காப்புப் பிரதி கிடையாது.

வெளிநாட்டவருக்குக் கணக்குத் திறக்க நிறுவன ஒப்பந்தமும் தனி அனுமதியும் தேவை; வாரக்கணக்கில் ஆகலாம். திட்ட ஆண்டில் தீராத நேரம் அடுத்த ஆண்டில் சேராது என்பதால், ஒதுக்கீடு உறுதியான அன்றே இவற்றுக்கான தாள்களை அனுப்பிவிடுங்கள்.