கூலண்டில் எண்ணெய்: பிரிக்காத எஞ்சினுக்குத் தருமபுரியில் நான் கட்டிய 38,000 ரூபாய்

கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரோடு கலந்து ஓடும் திரவம்) டப்பாவில் எண்ணெய் மிதக்கிறது என்றதும், மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், எதைச் சோதித்துப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். (எஞ்சினின் அடிப்பகுதியான பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட்.) பதில் வரவில்லையென்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது.

எங்களுடையது நான்கு சிலிண்டர் டீசல் கார். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது; அதுவரை பெரிதாக எந்தத் தொல்லையும் கொடுத்ததில்லை. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாயில் வெப்ப முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறியது. தொப்பூர் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சேலம் பக்கம் இறங்கும் சரிவும் அங்கே பிரேக் பிடிக்காமல் மோதும் லாரிகளும்தான். தருமபுரி நோக்கி வரும் ஏற்றமோ ரேடியேட்டரின் யோக்கியதையைக் காட்டிக் கொடுத்துவிடும். வண்டியை ஓரம் கட்டி, ஆறவிட்டு, மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருந்தபோது கூலண்ட் டப்பாவைத் திறந்தேன். (சூடாக இருக்கும்போது யாரும் திறக்காதீர்கள். அழுத்தத்தோடு சீறி வரும் வெந்நீர் முகத்தில்தான் அடிக்கும்.) பச்சை நிறக் கூலண்டின் மேல் பால் அதிகம் விட்ட காப்பியின் நிறத்தில் பிசுபிசுப்பாக ஒரு படலம். எஞ்சின் ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். எஞ்சின் ஆயில் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. அதில் தண்ணீர் கலந்த வெளுப்பு இல்லை. அளவு மட்டும் சற்றுக் குறைந்திருந்தது. அதாவது எண்ணெய் தண்ணீருக்குள் போயிருக்கிறது, தண்ணீர் எண்ணெய்க்குள் வரவில்லை. இதைத்தான் பட்டறையில் முதல் வார்த்தையாகச் சொன்னேன்.

"மேடம், இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. சாரை வரச் சொல்லுங்கள்" என்றார் உரிமையாளர். ‘சார்’, அதாவது என் கணவர், ஓசூரில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறார். பானெட்டைத் திறக்கும் பிடி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் என்னிடம்தான் கேட்பார். அவரிடம் தொலைபேசியில் "ஹெட் கேஸ்கெட், சார்" என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். எந்தக் கருவியும் வெளியே வரவில்லை, எஞ்சினை ஸ்டார்ட் செய்துகூடப் பார்க்கவில்லை. மதிப்பீட்டை எழுதித் தாருங்கள் என்று கேட்டதற்கு, "பிரித்தால்தானே தெரியும்" என்றார்கள். முன்பணம் மட்டும் பிரிக்காமலே தெரிந்திருந்தது.

வண்டி திரும்பி வந்தபோது ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. ஹெட் கேஸ்கெட், ஹெட் ஃபேஸிங், கூலண்ட், எஞ்சின் ஆயில், கூலி, மொத்தம் 38,000. ஜிஎஸ்டி எண் இல்லை. ஃபேஸிங் என்பது ஹெட்டின் அடிப்பரப்பை லேத் பட்டறையில் கொடுத்து மட்டம் செய்து வாங்குவது. அந்த லேத் பட்டறையின் ரசீது எங்கே என்றேன். "அதெல்லாம் மாதக் கணக்கு, மேடம்." கழற்றிய பழைய கேஸ்கெட்டைக் காட்டச் சொன்னேன். பழைய இரும்புக்குப் போய்விட்டதாம்.

சில வாரங்கள் டப்பா சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு அதே படலம். திரும்பக் கொண்டுபோனபோது அவர் முகத்தில் ஒரு சங்கடம்கூட இல்லை. "அப்படியென்றால் பிளாக்கில் விரிசல். பெங்களூரில் பழைய எஞ்சின் ஒன்று பார்த்துத் தருகிறேன், 90,000 ஆகும்" என்றார். இந்த முறையும் எதையும் சோதிக்கவில்லை.

உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் காரிமங்கலம் பக்கம் இருக்கும் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை போட்டு வண்டி பார்க்கிறார். அவர் பானெட்டைத் தொடுவதற்கு முன்பே கேள்விகளைத் தொடங்கிவிட்டார். காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் தடுமாறுகிறதா? வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா? கூலண்ட் குறைந்துகொண்டே போகிறதா? ஆயில் வெளுத்திருக்கிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். "அப்படியென்றால் ஹெட்டைக் கடைசியில் பார்ப்போம் அம்மா" என்றார்.

முதலில் அந்தப் படலத்தைக் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் கிளாஸில் விட்டு ஓரமாக வைத்தார். பழுப்பாகத் தெரிவதெல்லாம் எண்ணெய் இல்லை. துருவாக இருந்தால் அடியில் படியும். ஒத்துப்போகாத இரண்டு வகைக் கூலண்டைக் கலந்தால் கூழ் போலத் திரண்டு நிற்பதும் உண்டு. எண்ணெய் மேலே மிதக்கும். தாளில் ஒரு துளி விட்டால் வெளிச்சம் ஊடுருவும் கறையாகப் பரவும். எங்களுடையது எண்ணெய்தான் என்று உறுதியானது. டப்பா மாறி எண்ணெயை ஊற்றியவர்களும் இருக்கிறார்கள் என்பதால், கடைசியாக யார் சர்வீஸ் செய்தது என்றும் விசாரித்துக்கொண்டார்.

அடுத்தது குளிர்ந்த எஞ்சின். மூடியைத் திறந்துவைத்தே ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஹெட் கேஸ்கெட் சிலிண்டர் பக்கம் விட்டுப்போயிருந்தால் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகும். டப்பாவில் குமிழிகள் நிற்காமல் வரும். மூடியைப் போட்டு ஓட்டினால், எஞ்சின் சூடாவதற்கு முன்பே, ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயான மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகிவிடும். எங்கள் வண்டியில் குமிழியும் இல்லை, ஹோஸும் இளக்கமாகவே இருந்தது. பிறகு இன்னொருவரிடமிருந்து நீலத் திரவம் நிரப்பிய கண்ணாடிக் குழாய் ஒன்றை வாங்கி வந்தார். கூலண்டுக்கு மேலிருக்கும் காற்றை அதன் வழியாக இழுக்க வேண்டும். காற்றில் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். எவ்வளவு நேரம் இழுத்தும் நீலம் நீலமாகவே இருந்தது. முதல் பட்டறையில் இந்தச் சோதனைகளைச் செய்திருந்தால் ஒரு மணி நேரம் பிடித்திருக்குமா என்பது சந்தேகம்.

இவையெல்லாம் சேர்ந்தாலும் கேஸ்கெட்டின் மேல் பழியே இல்லை என்று ஆகிவிடாது என்றும் அவரே சொன்னார். பிளாக்கிலிருந்து ஹெட்டுக்கு எண்ணெய் ஏறும் துளையும் தண்ணீர்த் துளையும் கேஸ்கெட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அந்த இடத்தில் மட்டும் விட்டால் குமிழி வராமலே எண்ணெய் கலக்கலாம். அதனால்தான் ஹெட்டைக் கடைசியில் வைத்தார். கழற்ற எளிதாகவும், இந்த அறிகுறிக்கு அதிகம் பொருந்துவதாகவும் இருந்தது ஆயில் கூலர்.

பல டீசல் கார்களில் ஆயில் ஃபில்டர் மாட்டும் இடத்தை ஒட்டியே இந்த ஆயில் கூலர் இருக்கும். அலுமினியத் தகடுகளை அடுக்கடுக்காக ஒட்டவைத்த சின்னப் பெட்டி. ஓர் அடுக்கில் சூடான எண்ணெய் ஓடும், அடுத்த அடுக்கில் கூலண்ட் ஓடும். இடையில் இருப்பது மெல்லிய தகடு. அதில் விரிசல் விட்டாலோ, சீல் போனாலோ எது எதற்குள் போகும் என்பதை அழுத்தம்தான் முடிவு செய்கிறது. சாலையில் ஓடும் எஞ்சினில் எண்ணெயின் அழுத்தம் 3, 4 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இருக்கும். கூலண்டின் அழுத்தத்தை மூடியே பெரும்பாலும் 1 முதல் 1.5 பாருக்குள் நிறுத்திவிடும். ஆகவே ஓடும்போதெல்லாம் எண்ணெய்தான் தண்ணீருக்குள் போகும். நான் டிப்ஸ்டிக்கில் பார்த்தது இதைத்தான். எஞ்சினை அணைத்த பிறகு எண்ணெயில் அழுத்தம் இருக்காது, சூடான கூலண்டில் சிறிது நேரம் இருக்கும். அப்போது தலைகீழாகக் கொஞ்சம் கசியவும் கூடும். அதனால் ஆயில் சுத்தமாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்றார், மாற்றினோம்.

கூலரைக் கழற்றுவதற்கு முன்பு, "இதற்கு முன் ஹெட்டை எப்போது பிரித்தார்கள்?" என்று கேட்டார். சீட்டை நீட்டினேன். படித்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கேஸ்கெட்டின் விளிம்பு வெளியே தெரியும். புதிதாகப் போட்டிருந்தால் அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்த தடம் இருக்க வேண்டும். அங்கே வருடக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கும் செம்மண் தூசும் இறுகிக் கிடந்தன. ஹெட்டின் மேல்மூடியான வால்வு கவரின் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. ஹெட்டை எடுக்க வேண்டுமானால் புகை வெளியேறும் குழாய்த் தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் விடுவித்தாக வேண்டும். அதன் நட்டுகள் துருவோடு துருவாக ஒட்டியிருந்தன. "இதை யாரும் தொடவே இல்லை அம்மா" என்றார். அதற்குமேல் அந்தப் பட்டறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு ஸ்பேனர்கூட உள்ளே போவதற்கு முன் எல்லா இடங்களையும் கைபேசியில் படமெடுத்தேன். பிறகு கூலரைக் கழற்றி, கூலண்ட் வழியைத் திறந்துவிட்டு, எண்ணெய் வழியில் ஒரு முனையை அடைத்து மறுமுனையில் காற்றழுத்தம் கொடுத்து வாளித் தண்ணீரில் அமிழ்த்தினார். கூலண்ட் போகும் துளையிலிருந்து குமிழிகள் வரிசையாக வந்தன.

அப்படியானால் முதல் பட்டறை செய்தது என்ன? தண்ணீரை வடித்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை ஊற்றி அலசி, புதுக் கூலண்டை நிரப்பியிருக்கிறார்கள். சில வாரங்கள் சுத்தமாகத் தெரிந்ததன் ரகசியம் அதுதான். வடிக்கும்போது நுரை நுரையாக வந்தது அந்தச் சோப்பு. நுரைக்கிற எதையும் இதற்கு ஊற்றக் கூடாதாம். நுரையில் காற்று சிக்கிக்கொண்டால் பம்ப்பால் தண்ணீரைச் சரியாகத் தள்ள முடியாது. பெரியவர், சூட்டுக்கேற்பக் கூலண்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, நுரைக்காத ரேடியேட்டர் கிளீனரைக் கலந்து, எஞ்சினைச் சூடேற்றி வடிப்பதும் மீண்டும் நிரப்புவதுமாக, தண்ணீர் தெளிவாக வரும்வரை விடவில்லை. உள்ளே எண்ணெய்ப் படலம் ஒட்டியிருந்தால் ரேடியேட்டரால் சூட்டை வெளியே விட முடியாது. தொப்பூரில் முள் ஏறியதற்குக் காரணம் அதுதான் என்றார்.

ஹோஸ்களை அழுத்திப் பாருங்கள் என்று காட்டினார். கூலண்ட் ஹோஸின் ரப்பர் எண்ணெயைத் தாங்காது. ஊறி, உப்பி, மெத்தென்று ஆகிவிடும். நெடுஞ்சாலையில் வெடித்தால் மொத்தக் கூலண்டும் சில நொடிகளில் தரைக்குப் போய்விடும். முதல் பட்டறையின் சீட்டில் ஹோஸ் என்ற சொல்லே இல்லை. ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், மூடி, புது ஆயில் கூலர், ஆயில், ஃபில்டர், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய் ஆனது. ஒவ்வொன்றுக்கும் கடை ரசீது கொடுத்தார்.

எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு வந்தது. ரேடியேட்டருக்கு எதிரி ஃபுளூரைடு அல்ல, உப்புப் படிவு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் குழாய்களின் உட்புறத்தில் படிந்து அடைத்துக்கொள்ளும். கூலண்டோடு கலக்க, உப்பு நீக்கிய தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். பாட்டரிக் கடைகளில் கேன் கேனாக விற்கிறார்கள்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல வண்டிகளில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். அது உடைந்தால் டப்பாவில் தெரிவது பெரும்பாலும் இளஞ்சிவப்பு நுரை. அதற்குமேல் ஓட்டாதீர்கள், இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். கியர் பெட்டிக்குள் தண்ணீர் போனால் செலவு வேறு கணக்கில் போகும்.

பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பட்டறைக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். பணத்தை யுபிஐ வழியாகக் கட்டியிருந்ததால் அதற்குத் தடயம் இருந்தது. பெரியவரும் தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்கு ரசீது தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை, இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1915 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். நான் அங்கேதான் தொடங்கினேன்.

தபாலுக்குப் பட்டறையிலிருந்து பதில் வந்தது. வாடிக்கையாளர் வண்டியை வேறு இடத்தில் பிரித்துவிட்டதால் தாங்கள் செய்த கேஸ்கெட் வேலைக்குப் பொறுப்பேற்க இயலாதாம். படங்கள் எடுத்த நேரமும், கூலரைக் கழற்றியதற்கான ரசீதின் நேரமும் மனுவோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.